ஜாவா தெரியாமல் தேடுபொறி: மளிகைப் பட்டியலை வைத்துச் சில கேள்வி பதில்கள்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடை. சுமார் 4,000 சரக்கு வகை. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் போனில் பட்டியல் சொல்வார்கள். கடைப்பையன் கணினியில் தேடி விலை சொல்ல வேண்டும். பழைய பில் மென்பொருளில் "துவரம்பருப்பு" என்று சேர்த்து அடித்தால் "துவரம் பருப்பு" வராது. பையன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையால் பட்டியலை உருட்டிக்கொண்டிருப்பான். அதைச் சரிசெய்யத்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

எனக்குத் தெரிந்தது பிஎச்பி, கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். கட்டியதோ ஜாவாவில் எழுதப்பட்ட சோலர் (Solr) என்ற தேடல் மென்பொருளை வைத்து. ஜாவாவில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது எப்படி என்று இதே மாதிரி வேலையில் இறங்கியவர்கள் கேட்டதும், நான் சொன்னதும் கீழே.

சோலர், லூசீன், எலாஸ்டிக்சர்ச் என்கிறார்களே, எல்லாம் ஒன்றா?

அடியில் இருப்பது லூசீன். டக் கட்டிங் 1999-ல் ஜாவாவில் எழுதியது. மனைவியின் நடுப்பெயரை வைத்தார். அது தனியாக ஓடும் மென்பொருள் இல்லை, நிரல் தொகுப்பு. அதை நேரடியாகத் தொட வேண்டும் என்றால் ஜாவா தெரிந்தே ஆக வேண்டும். அதைச் சுற்றி ஒரு சர்வரைக் கட்டி, வெளியிலிருந்து யாரும் எந்த மொழியிலும் பேசலாம் என்று ஆக்கியதுதான் சோலர். 2004-ல் சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி தொடங்கினார், 2006-ல் அப்பாச்சி என்ற திறமூல அமைப்புக்குப் போனது. எலாஸ்டிக்சர்ச் 2010-ல் வந்தது. அடியில் அதே லூசீன்தான். 2021-ல் அதன் உரிமத்தை மாற்றியபோது அமேசான் பிரித்து எடுத்தது ஓப்பன்சர்ச்.

எதை எடுப்பது என்று ரொம்ப யோசிக்காதீர்கள். நான் சோலரை எடுத்தேன், அதன் நிர்வாகப் பக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அப்படியானால் ஜாவா எதற்குமே வேண்டாமா?

ஓட்டுவதற்கு வேண்டும், எழுதுவதற்கு வேண்டாம். சோலர் 9 ஓட, கணினியில் ஜாவா 11 அல்லது அதற்கு மேல் நிறுவியிருக்க வேண்டும். அதுவும் தொல்லை என்றால், தேவையானதை எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும் டாக்கர் படிமத்தை இறக்கிக்கொள்ளுங்கள், ஜாவா அதற்குள்ளேயே இருக்கும். மிக்சியில் சட்னி அரைக்க மோட்டார் சுற்றத் தெரிய வேண்டியதில்லையே.

என் பிஎச்பி நிரல் எப்படி அதனிடம் பேசும்?

இணையப் பக்கத்தைத் திறப்பது போலத்தான். சோலர் ஓடத் தொடங்கியதும் 8983 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் அந்த எண் வாசலில், காத்திருக்கும். சரக்குப் பட்டியலை ஜேசன் (புலத்தின் பெயரும் மதிப்புமாக எழுதும் டெக்ஸ்ட்) வடிவில் அதற்கு அனுப்பினால் உள்ளே வாங்கிக்கொள்ளும். காற்புள்ளி போட்டுப் பிரித்த சிஎஸ்வியாக அனுப்பினாலும் சரி. தேட வேண்டுமா, தேடும் சொல்லை முகவரியின் வாலில் ஒட்டி அனுப்புங்கள், ஜேசனில் பதில் வரும். பிஎச்பிக்கு சோலேரியம், பைத்தானுக்கு பைசோலர், ரூபிக்கு ஆர்சோலர் என்று தயார் நூலகங்கள் உண்டு. நான் முதல் இரண்டு வாரம் எதையும் போடாமல், கட்டளை வரியிலிருந்து முகவரியைக் கேட்கும் கர்ல் என்ற கருவியால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டால் என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

ஒன்று மறக்காதீர்கள்: அனுப்பிய சரக்கு உடனே தேடலில் வராது. கமிட் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், அல்லது இத்தனை நொடிக்கு ஒருமுறை தானே செய்துகொள் என்று அமைக்க வேண்டும். "அனுப்பினேன், காணோம்" என்று என்னிடம் வந்த புகார்களில் பாதி இதுதான்.

நிரல் எழுத வேண்டாம் என்றால் வேலை எங்கே இருக்கிறது?

ஸ்கீமாவில். எந்தப் புலம் எண், எந்தப் புலம் சொல், சொல்லை எப்படி வெட்டுவது, வெட்டியதை என்ன செய்வது, எல்லாம் அங்கே எழுதப்படும். சோலர் தானாகவே புலங்களை ஊகித்துக்கொள்ளும் ஒரு வசதி உண்டு. பழகிப் பார்க்க நன்றாக இருக்கும், கடைக்கு ஆகாது. என் பட்டியலில் முதல் சரக்கின் விலை 95. ஓகோ, முழு எண் புலம் என்று முடிவு கட்டிக்கொண்டது. பிறகு ஒரு சரக்கு 112.50 என்று வந்ததும் பிழை காட்டி நின்றுவிட்டது. அன்றைக்கே எல்லாப் புலத்தையும் நானே எழுதினேன்: பெயர், வேறுபெயர்கள், வகை, விலை, மூட்டை அளவு. அரை நாள் வேலை.

தமிழை அது ஒழுங்காகப் படிக்குமா?

படிக்கும், ஆனால் நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அண்ணாச்சி கடைப் பட்டியலில் பாதி, யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருவில் எக்செல்லில் அடித்தது. எழுத்துருவை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிடந்தது. முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றினேன்.

மாற்றிய பிறகும் "கொத்தமல்லி" ஒரு பக்கம் வந்தது, ஒரு பக்கம் வரவில்லை. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசியில் பார்த்தால், ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாக இருந்தது. இன்னொன்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்தன. கண்ணுக்கு ஒரே "கொ". கணினிக்கு இரண்டு வேறு சொல். கொள்ளு, சோம்பு, பொரிகடலை எல்லாமே இந்த நோயில் மாட்டும். மருந்து எளிது: உள்ளே அனுப்பும்போதும் தேடும்போதும் பிஎச்பியின் நார்மலைசரை ஒருமுறை ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். சோலருக்குள்ளேயே இதற்கு வடிகட்டி (வரும் சொல்லை மாற்றித் தரும் பகுதி) உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த மொழியில் வாசலிலேயே பிடித்துவிடுவது நிம்மதி.

"துவரம்பருப்பு", "துவரம் பருப்பு", "து.பருப்பு" மூன்றையும் எப்படி ஒன்றாக்குவது?

இதற்காகத்தானே கூப்பிட்டார்கள்! ஷிங்கிள் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டு என்று அமைத்தால், மூன்றாவதாக அந்த ஒட்டிய சொல்லையும் அட்டவணையில் (சோலர் தேடிப் பார்க்கும் சொற்பட்டியலில்) சேர்த்துவிடும். "துவரம் பருப்பு" என்ற சரக்குக்குத் துவரம், பருப்பு, துவரம்பருப்பு என மூன்று நுழைவாயில். முகவரிக்கும் இதே வைத்தியம்: வாடிக்கையாளர் பட்டியலில் "கீழமாசி வீதி", "கீழ மாசி வீதி", "கீழமாசிவீதி" மூன்றும் இருந்தன. இந்த ஊரில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதி வரிசை வரிசையாக இருக்க, ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு வேறு. எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

"து.பருப்பு" மாதிரிச் சுருக்கங்களுக்கு மட்டும் கைவேலைதான். ஒத்தசொல் கோப்பில் ஒவ்வொன்றாக எழுதினேன்.

அந்த ஒத்தசொல் கோப்பு என்பது என்ன?

சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஒரு வரியில் காற்புள்ளி போட்டு சொற்களை எழுதினால், அவை எல்லாம் ஒன்று என்று பொருள். என் கோப்பிலிருந்து சில வரி:

பொரிகடலை, பொட்டுக்கடலை, உடைச்சகடலை
சோம்பு, பெருஞ்சீரகம்
பாசிப்பருப்பு, பயத்தம்பருப்பு, சிறுபருப்பு
மல்லி, கொத்தமல்லி, தனியா
வத்தல், மிளகாய்வத்தல், மிளகாய் வற்றல்

இதை எழுதியது நான் இல்லை. கல்லாவில் முப்பது வருடமாக உட்காரும் கணக்கப்பிள்ளை சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இரண்டு சாயங்காலம், ஐந்தாறு டம்ளர் டீ. அந்தத் திட்டத்திலேயே உருப்படியான வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். எந்த ஊர்க்காரன் எந்தப் பெயரைச் சொல்வான் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஆனால் ஒருவர் கோப்பை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போடக்கூடாது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பர் இதே கோப்பைக் கேட்டார். "மல்லி" வரியை முதலில் அழியுங்கள் என்றேன். அவருக்கு மல்லி என்றால் 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி. அண்ணாச்சிக்கு அது ரசத்தில் போடுவது.

ஒரு செய்முறைக் குறிப்பு: ஒத்தசொல்லை அட்டவணை போடும் நேரத்தில் வைக்காமல், தேடும் நேரத்தில் வையுங்கள். தேடும் நேரத்தில் என்றால், கோப்பை மாற்றி மறு ஏற்றம் சொன்னால் போதும். அட்டவணை நேரத்தில் என்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுப் பட்டியலையும் திரும்ப ஏற்ற வேண்டும்.

எழுத்துப் பிழையோடு தேடினால்?

தேடும் சொல்லின் பின்னால் அலைக்குறி (~) போட்டால் நெருங்கிய சொற்களையும் கொண்டுவரும். லூசீன் அதிகபட்சம் இரண்டு எழுத்து மாற்றம் வரை ஏற்கும். கறிவேப்பிலையைக் "கருவேப்பிலை" என்று அடிப்பவர்களே அதிகம். ற இடத்தில் ர, இகரக் குறி இடத்தில் உகரக் குறி, சரியாக இரண்டு மாற்றம். பிடித்துக்கொள்ளும். "ஜீரகம்" ஒரே மாற்றத்தில் சீரகம் ஆகிவிடும்.

சின்னச் சொல்லில் இதைத் திறந்துவிடாதீர்கள். "எள்" தேடினால் கல் உப்பு வந்து நின்றது. எ போய் க, ள போய் ல. இரண்டே மாற்றம், அதன் கணக்குப்படி சரிதான்! நான்கு குறிக்குக் குறைவான சொல்லுக்குப் பிழை மன்னிப்பு கிடையாது என்று பிஎச்பியில் ஒரு நிபந்தனை போட்டேன்.

அடிக்க அடிக்கப் பரிந்துரை வருவது போலச் செய்ய முடியுமா?

முடியும். சொல்லின் தொடக்கத் துண்டுகளை எல்லாம் அட்டவணையில் சேர்க்கும் எட்ஜ் என்கிராம் வடிகட்டி அதற்குத்தான். அதில் நீள அளவு கொடுக்கும்போது தமிழ் எழுத்தைக் கணக்கு வைக்காதீர்கள், யூனிகோட் குறியைக் கணக்கு வையுங்கள். "கொத்தமல்லி" நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி. பெருஞ்சீரகம் நமக்கு ஏழு, அதற்குப் பன்னிரண்டு. ஆங்கில உதாரணத்தைப் பார்த்து உச்ச நீளம் 8 என்று வைத்தால், பையன் "கொத்தமல்" தாண்டி அடுத்த குறியை அடித்ததும் பரிந்துரை மறைந்துவிடும். நான் 20 வைத்தேன்.

"துவரம் பருப்பு" தேடினால் கடையில் உள்ள எல்லாப் பருப்பும் வருகிறதே?

இரண்டு சொல்லில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்பதுதான் அதன் இயல்பு. எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும் என்று தேடலோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈடிஸ்மேக்ஸ் என்ற தேடல் முறையில் குறைந்தபட்சப் பொருத்தம் என்று ஓர் அளவு உண்டு. அதை 100 சதவீதம் ஆக்கினால் தீர்ந்தது.

வரிசை விஷயத்தில் இன்னொன்று. லூசீன் 6 முதல் பிஎம்25 என்ற கணக்குதான் இயல்பு. எல்லாச் சரக்கிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு அதிகம். மளிகைக் கடையில் "பருப்பு" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்? எதுவும் இல்லை. "துவரம்" தான் கனம். இது நியாயமான கணக்கு. ஆனால் அண்ணாச்சிக்கு வேண்டியது அதிகம் விற்பது மேலே நிற்க வேண்டும் என்பது. ஒவ்வொரு சரக்கோடும் போன மாத விற்பனை மூட்டையை ஓர் எண்ணாகச் சேர்த்து, அந்த எண்ணுக்கு ஏற்ப மதிப்பைக் கூட்டு என்று ஒரு வரி எழுதினேன். இதுவும் தேடல் முகவரியில் ஒட்டுவதுதான், ஜாவா இல்லை.

வேர்ச்சொல் கண்டுபிடிக்கும் வசதி தமிழுக்கு உண்டா? "மதுரையில்" என்று தேடினால் "மதுரை" வருமா?

உண்டு. ஸ்னோபால் என்ற வேர்ச்சொல் நிரல் தொகுப்பில் தமிழ் வேர்ச்சொல் முறை இருக்கிறது, லூசீனிலும் தமிழுக்கு ஒரு பகுப்பான் வைத்திருக்கிறார்கள். அதை ஸ்கீமாவில் பெயர் சொல்லிச் சேர்த்தால் போதும்.

நான் சேர்த்து, எடுத்துவிட்டேன். சரக்குப் பெயரில் வேற்றுமை உருபு எங்கே வரப்போகிறது? யாரும் "வெந்தயத்துக்கு" என்று பில் போடுவதில்லை. ஆனால் நீங்கள் ஊர் வரலாற்றுக் கட்டுரைகளையோ பள்ளி ஆண்டு மலர்களையோ தேட வைக்கிறீர்கள் என்றால் அது இல்லாமல் முடியாது: மதுரைக்கு, மதுரையின், மதுரையிலிருந்து என்று ஒரே ஊர் பத்து உருவில் நிற்கும். அங்கே கோயில், கோவில் இரண்டையும் ஒத்தசொல் கோப்பில் போட மறக்காதீர்கள். கூடல், ஆலவாய் இரண்டும் மதுரைதான் என்பதையும்.

எதைச் சேர்த்தாலும் முதலில் நிர்வாகப் பக்கத்தில் அனாலிசிஸ் என்ற திரையைத் திறந்து பத்துச் சொல்லை அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு வடிகட்டியிலும் சொல் என்ன ஆகிறது என்று படிப்படியாகக் காட்டும். வேறு எதுவும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள்.

என் பட்டியல் சின்னது. இவ்வளவு பெரிய சர்வர் தேவையா?

தேவையில்லை. சோலர் எதுவும் சொல்லாவிட்டால் 512 எம்பி நினைவகத்தை ஜாவாவுக்கு ஒதுக்கும். மலிவான 1 ஜிபி வாடகை சர்வரில் தரவுத்தளம், பிஎச்பி, சோலர் மூன்றையும் ஏற்றுவது குருவி தலையில் பனங்காய். எங்களுக்குப் பழைய பில் வரிகள் லட்சக்கணக்கில் இருந்தன, ஊர் வாரியாக, ஆண்டு வாரியாகப் பிரித்து எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சோலர். வெறும் 4,000 சரக்கு என்றால் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். அது சி மொழியில் எழுதியது; பைத்தானோடு கூடவே வருகிறது, பிஎச்பியிலும் எளிதாகக் கிடைக்கும். எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் அதில் உண்டு.

அதில் ஒரு பொறி இருக்கிறது, தமிழர்கள் கட்டாயம் விழும் பொறி. எஃப்டிஎஸ்5 தன் இயல்பில் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுக்கும். நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் "குறி" வகை. ஆகவே அவற்றைக் கண்ட இடத்தில் வெட்டிவிடும். "பொடி" என்பதில் மிஞ்சுவது ப, ட. "பூடு" என்பதிலும் ப, ட. பூடு தேடினேன், மஞ்சள் பொடி, மிளகாய்ப் பொடி, சாம்பார் பொடி என்று வரிசையாக வந்தன, ஒரு பல் பூண்டைக் காணோம். அட்டவணை உருவாக்கும்போது எந்தெந்த யூனிகோட் வகை சொல்லில் சேரும் என்று சொல்ல இடம் உண்டு. அங்கே எழுத்து, எண் வகைகளோடு குறி வகைகளையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். பட்டியலை ஏற்றுவதற்கு முன்பே செய்யுங்கள்.

உலாவியிலிருந்தே ஜாவாஸ்கிரிப்டால் சோலரிடம் கேட்டுவிட்டால் பிஎச்பியும் வேண்டாமே?

வேண்டவே வேண்டாம், நான் செய்து பட்டது போதும். அவசரத்தில் சோலர் 8-ஐ வாடகை சர்வரில் போட்டு, 8983-ஐத் திறந்தே விட்டேன். ஒரு நாள் காலை பையன் போன் செய்தான்: "அண்ணே, எதைத் தேடினாலும் ஒண்ணும் இல்லைங்குது." எவனோ வெளியிலிருந்து "எல்லாவற்றையும் அழி" என்று ஒரே வரி அனுப்பியிருக்கிறான். கடவுச்சொல் இல்லாத சோலர் யார் கேட்டாலும் செய்யும். எக்செல் கையில் இருந்ததால் பத்து நிமிடத்தில் மறுபடி ஏற்றினேன், ஆனால் அந்தப் பத்து நிமிடம் அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை மறக்காது. 2022-ல் வந்த சோலர் 9 தன் இயல்பிலேயே அந்தக் கணினிக்குள் மட்டும்தான் காது கொடுக்கும். அப்படியே விடுங்கள். வெளியுலகம் பிஎச்பியிடம் பேசட்டும், பிஎச்பி சோலரிடம் பேசட்டும்.

எந்தக் கட்டத்தில் ஜாவா கட்டாயம் ஆகும்?

சோலருக்குள்ளேயே ஓட வேண்டிய புதிய வடிகட்டியை நீங்களே உருவாக்க வேண்டும் என்றால். உதாரணமாக, சந்தி பிரிப்பது. அதையும் அனுப்புவதற்கு முன்பே பைத்தானில் பிரித்துவிட்டு அனுப்பலாம்; தேடும் சொல்லையும் அதே நிரல் வழியாக விட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எனக்கு இதுவரை அந்தக் கட்டம் வரவில்லை.

கட்டி முடித்த பிறகு பராமரிப்பு என்ன?

ஒன்றும் கிடைக்காத தேடல்களை மட்டும் தனியாக ஒரு கோப்பில் எழுத வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கடை மூடும் நேரத்தில் அதை அச்சடித்துக் கணக்கப்பிள்ளையிடம் கொடுப்பேன். பாதி எழுத்துப் பிழை, கால்வாசி கடையில் இல்லாத சரக்கு. மீதிதான் நமக்கு வேண்டியது. போன வாரம் "குச்சி மஞ்சள்" எட்டு முறை வந்திருந்தது. பட்டியலில் அது "விரலி மஞ்சள்". அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "மேலூர்ப் பக்கத்துப் புதுக் கடைக்காரன் ஒருத்தன் அப்படித்தான் சொல்றான்" என்றபடி பேனாவை எடுத்து இரண்டையும் காற்புள்ளி போட்டு எழுதித் தந்தார்.